ராணியம்மா கேட்ட தைலம்

மேலப்பட்டி ஜமீனில் ரத்னவதி ராணிக்குச் சுருள்முடி மேல் பைத்தியம். தினமும் காலையில் இரும்புக் குறட்டைத் தணலில் காய்ச்சி முடியைச் சுருட்டிக்கொள்வாள். நாளடைவில் முடி கருகி, தேங்காய் நாராகிக் கழுத்தோடு ஒடிந்து போனது.

தலைவாரிவிடும் மாடத்தியைக் கூப்பிட்டாள். "அடுத்த தேருக்குள்ள முடி தோளைத் தாண்டணும். இல்லேன்னா உனக்கு மொட்டைதான்!"

"அந்தக் குறடு தலையில படாம இருந்தாலே வளர்ந்திடும் தாயே."

"எனக்கே புத்தி சொல்றியா? தைலம் காய்ச்சுடி!"

மாடத்திக்கு எரிச்சல் மண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு போய், ஒரு ஜாடியோடு வந்தாள்.

"தைலம் தயார் தாயே. ஆனா உங்க குறடு இதுக்குள்ளேயே ஊறணும். அதை வெளியே எடுத்தாலோ, வேற குறடு தலையில பட்டாலோ மருந்து முறிஞ்சிடும்."

ராணி தினமும் முணுமுணுத்தாள். ஆனாலும் குறட்டைத் தொடவில்லை. தேர் வந்தபோது முடி பளபளவென்று தோளைத் தாண்டியிருந்தது.

விருந்துக்கு வந்த நாத்தனார் அசந்துபோனாள். "தைலத்துல என்ன மூலிகை போட்டே மாடத்தி?"

"மூலிகையா? வெறும் தேங்காயெண்ணெய்தாம்மா. குறடு ஜாடிக்குள்ள கிடந்துச்சு, முடி பிழைச்சுது."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். ராணிக்கு முகம் சிவந்தது. "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னேனே தாயே! வாயால சொன்னது உங்க தலையில ஏறலை. எண்ணெயாக் குடுத்தப்பதான் ஏறிச்சு."