கோப்பை வாங்கிய காளை

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பற்களும் இப்போதே விழட்டும்.

மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மாட்டுப் பொங்கல் நடனம். எட்டுச் சிறுமிகள் சுற்றி ஆட, நடுவில் ஒரு காளை. காளை என்றால் பழுப்புப் போர்வை, அட்டையில் செய்த தலை, உள்ளே இரண்டு பிள்ளைகள். முன்னங்கால் நிறைமதி, பின்னங்கால் ரோஸ்லின். கடைசியில் மேடையில் நிறுத்திப் படம் எடுக்க நிஜக் காளைக்கன்று ஒன்றும் திரைக்குப் பின்னால் கட்டியிருந்தது.

நிறைமதியின் அப்பா குணாளன் பம்புசெட் மெக்கானிக். பட்டறைக் கதவில் 'இன்று மகள் நடனம்' என்று அட்டை தொங்கவிட்டுவிட்டு, முதல் வரிசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரோஸ்லினின் அம்மா பிலோமினா.

"உங்க பொண்ணு பின்னங்காலாமே? கவலப்படாதீங்கம்மா, வாலாட்டவும் ஒரு ஆள் வேணும்ல."

"தல எங்கயும் போயி முட்டாம இருந்தாச் சரிண்ணே."

திரை விலகியது. காளை வந்தது. அடேயப்பா! ஸ்பீக்கரில் தவில் அதிர்ந்ததும் மிரண்டு துள்ளியது. வாலைச் சுழற்றியது. அட்டை முகத்துக்கு அடியிலேயே கரும்புத் தோகையை இழுத்து மென்றது. பாட்டு முடிகிற நேரம், நட்டநடு மேடையில் சாணியும் போட்டது.

விசில் கூரையைப் பிய்த்தது. குணாளன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். "ஒத்திகையில இது கிடையாது! எம் பொண்ணு சொந்தமாச் சேர்த்திருக்கா!"

"அண்ணே, அது பின்பக்கம். எம் பொண்ணு சேர்த்தது."

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். "நாற்பது வருஷம் மாடு பார்த்தவன் சொல்றேன், இவ்வளவு தத்ரூபமான நடிப்பை நான் கண்டதில்லை. ஆடிய காளைக்கே இந்தக் கோப்பை!" என்றார்.

குணாளன் மேடைக்கு ஓடினார். கோப்பையை வாங்கி, காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அட்டைத் தலையைத் தூக்கினார். சொரசொரவென்று ஒரு நாக்கு அவர் கன்னத்தை நக்கியது.

நிஜக் கன்று.

குணாளன் போர்வையை உருவினார். பின்னாலும் பிள்ளை இல்லை. கன்றின் வயிற்றுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார், பாவம். "எம் புள்ள எங்கய்யா?" என்று அவர் அலறியதை மைக் ஊருக்கே கேட்க வைத்தது.

"அப்பா!" ஒப்பனை அறையிலிருந்து நிறைமதி வந்தாள், ரோஸ்லினின் கையைப் பிடித்தபடி. "இவ பயந்துபோயி அழுதாப்பா. எப்படி விட்டுட்டு வர்றது? ஆடியே தீருவேன்னு உங்ககிட்ட சொன்னேன்... முடியல."

போர்வையைக் கன்றின்மேல் போட்டது யார்? நடன ஆசிரியை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், தான் இல்லையென்று.

கோப்பை இன்னும் குணாளன் கையில்.

"எம் பொண்ண விட்டுப் போகாம இருந்தாளே, நிறைமதிக்கே குடுங்கண்ணே" என்றார் பிலோமினா.

"ஆடாத பிள்ளைக்கா? கோப்பை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பட்டும்" என்றார் தலைமையாசிரியை.

"ஆடிய காளைக்குன்னுதான் சொன்னேன். சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்" என்றார் மாட்டு டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

நீங்களே சொல்லுங்கள், கோப்பை யாருக்குச் சேர வேண்டும்?

என்னைக் கேட்டால் கன்றுக்குத்தான். ஆடியது அது. நிறைமதி ஆடவுமில்லை, கோப்பையைக் கேட்கவுமில்லை. அவளுக்குக் கொடுத்தால் அடுத்த வருஷம் பிள்ளைகளெல்லாம் அழுகிற தோழியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். குணாளனும் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கன்றுக்குத்தான் நீட்டினார். ஆனால் இன்றைக்கும் பட்டறைக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து அந்த வீடியோவைக் காட்டுகிறார். "நல்லாப் பாருங்க, இதுல எம் பொண்ணு இல்ல!" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார்.

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். போர்வை போட்ட ஆளை அந்த ஆசிரியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கன்று என்னுடையது.