பட்டியலில் வராதது

அலை அளவுகள் மறுபடியும் அழிந்துபோயின.

கடலாய்வு நிலையத்தில் ஒரே ஒரு பெரிய கணினி. ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் அவரவர் பெயரில் அதற்குள் நுழைந்துதான் வேலை பார்க்க வேண்டும். யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார் என்று அது தானாகவே குறித்து வைக்கும். அதைக் கவனிப்பவர் தாணுமாலயன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இந்தத் தொழிலை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் பெனிட்டா. மகள் வயதுதான். ஆனாலும் அவள் வந்தால் எழுந்து நிற்பார். வேண்டாமென்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

அன்றும் எழுந்து நின்றார். பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி ஆவுடை, அழுத கண்ணோடு.

“ஆளு சிக்கிட்டு டீச்சர். நேத்து நகலை எடுத்து மறுபடி வச்சேன். இன்னைக்கு அதுவும் போச்சு. பட்டியலைப் பாருங்க. அழிக்கிற கட்டளை. பேரு ஆவுடை.”

“என் பழைய படத்தை அழிச்சேன் மாமா. அலையை நான் தொடவே இல்லை.”

“கையும் களவுமா பிடிச்சாலும் இப்படித்தான் சொல்லுவா. கணக்கைப் பூட்டப் போறேன்.”

பூட்டினால் அவளுடைய ஆய்வேடு உள்ளேயே கிடக்கும். கொடுக்கவேண்டிய கெடு நெருங்கிவிட்டது.

“எதை அழிச்சாள்னு போட்டிருக்கா, அண்ணாச்சி?” என்றாள் பெனிட்டா.

“அதைப் போடாது. ஆளு, கட்டளை, நேரம். அவ்வளவுதான்.”

“சரி. அந்த நேரத்துல வேற யாரு?”

“ஒருத்தரும் இல்லை. அதான் சொல்லுதேன்லா!”

பெனிட்டா பக்கத்துத் திரை முன் உட்கார்ந்து, நிறுத்தும்வரை சும்மா காத்திருக்கும் ஒரு கட்டளையைக் கொடுத்தாள்.

“இப்ப நான் ஒரு கட்டளை கொடுத்தேன். தேடுங்க.”

தாணுமாலயன் தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினார்.

“இல்லையே.”

“நான் கொடுத்ததை நீங்க பார்த்தீங்கல்லா?”

“பார்த்தேன். இங்க இல்லையே. மெஷினு கெட்டுப்போச்சா?”

அவள் அதை நிறுத்தினாள். “இப்ப?”

முதல் வரியிலேயே இருந்தது. பெனிட்டா.

தாணுமாலயன் மெதுவாகச் சொன்னார். “முடிஞ்சாத்தான் எழுதுமோ?”

பெனிட்டா புன்னகைத்தாள்.

அவரே பட்டியலை மூடினார். இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று கேட்டார். திரை காட்டியது.

துடைப்பம்.

அவரே எழுதிய முதல் நிரல். பேரும் அவர் வைத்ததுதான். கணினியின் பொது இடத்தில் பழசாகிக் கிடப்பதையெல்லாம் தேடித் தேடி அழிக்கும். போன வாரம் ஓடவிட்டு, ஊரெல்லாம் பெருமை பேசினார். நிறுத்த மறந்துவிட்டார். அலை அளவுகளோ பழைய தேதி போட்டவை. நகலெடுத்து வைத்தாலும் அதே தேதிதான்.

“கூட்டுறது சுத்தமாத்தான் கூட்டியிருக்கு, மாமா,” என்றாள் ஆவுடை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“வாயை மூடு பிள்ளே.” குரலில் காரம் இல்லை. “டீச்சர்… நீங்களே நிறுத்திருங்க.”

“துடைப்பம் யாருது, அண்ணாச்சி?”

தாணுமாலயன் உட்கார்ந்தார். நிறுத்தினார். நகலை மறுபடி எடுத்து வைத்தார். மூன்று பேரும் டீ குடித்து முடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது.

“உன் கணக்கு திறந்துதான் இருக்கு மக்கா. போய் வேலையைப் பாரு,” என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “நான்… தப்பாச் சொல்லிட்டேன்.”

ஆவுடை போகவில்லை. “பட்டியல் இப்ப என்ன சொல்லுது மேடம்?”

தாணுமாலயன் திரையைப் பார்க்கவில்லை. பெனிட்டா குனிந்து வாசித்தாள்.

“துடைப்பம். தாணுமாலயன்.”

அவர் தலை குனிந்தது.

“அதை நிறுத்தினது?” என்றாள் ஆவுடை.

பெனிட்டா அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

“தாணுமாலயன்.”