கொக்கு இன்னும் யோசிக்கிறது

அந்தக் காலத்தில், பறவைகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கொக்குக்கு இரண்டு காலையும் ஊன்றி நிற்கத்தான் தெரியும். ஒரு கோடையில் அது இருந்த குளம் வற்றி, நடுவில் குட்டை மட்டும் மிஞ்சியது. அதில் கொஞ்சம் மீன். கரையிலிருந்த கருவேல மரத்தில் கொக்கின் குஞ்சுகள் எந்நேரமும் பசி பசி என்று கத்தின.

அந்தச் சமயம் பார்த்துக் காகம் வந்து, குட்டை தனக்குத்தான் என்றது. சொந்தபந்தத்தையெல்லாம் மீன் விருந்துக்குக் கூப்பிட்டாயிற்றாம். ஒரு பருக்கை கிடைத்தாலும் ஊரைக் கூட்டாமல் தின்னத் தெரியாத சாதி அது. கொக்கு விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு ஆமையிடம் போனது.

சண்டை போட்டால் இறக்கைதான் போகும், ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது ஆமை. குட்டை ஓரத்து மண்ணில் கட்டம் கீறி, ஒன்றுவிட்டு ஒன்றில் கருஞ்சேறு பூசியது. கொக்குக்கு வெள்ளைக் கிளிஞ்சல்கள், காகத்துக்குக் கறுத்த புளியங்கொட்டைகள். சிப்பாய் முன்னால்தான் போகும், திரும்பி வராது. யானை நேரே போகும். குதிரை தாண்டும். மந்திரி எந்தப் பக்கமும் பாயும். ராஜா ஒவ்வொரு கட்டமாகத்தான் நகர்வார். அவர் தப்ப வழியில்லாமல் மாட்டினால் ஆட்டம் முடிந்தது. தோற்றவர் குளத்தை விட்டே போக வேண்டும். அதுவரை குட்டை பழையபடி கொக்குக்கே.

"தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்," என்றது ஆமை. "கீழ வச்சாத்தான் ஆட்டம். வைக்கிற வரைக்கும் யோசிச்சுக்கலாம்."

வெள்ளைதான் முதலில். கொக்கு நன்றாகத்தான் ஆடியது. நடுவில் ஒரு குஞ்சு வீறிட்டது. கொக்கு மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, கால் விரலால் ஒரு காயைப் பற்றித் தூக்கிவிட்டது. பிறகுதான் கவனித்தது. தூக்கியது குதிரை. ராஜாவுக்குக் காவலாக நின்றதே அது ஒன்றுதான். வேறு எங்கே வைத்தாலும் அடுத்த நகர்த்தலில் காகத்தின் மந்திரி வந்து ராஜாவை மடக்கிவிடும்.

பாவம், கொக்குக்கு உயிரே போய்விட்டது.

"தொட்டாச்சுல்ல அக்கா, வை," என்றது காகம். சொல்லிவிட்டு ஒரு குதி குதித்தது.

கொக்கு குஞ்சுகளைப் பார்த்தது. ஆமையைப் பார்த்தது. குதிரையோடு காலை மடக்கி வயிற்றுச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு, "யோசிக்கிறேன்," என்றது.

பொழுது சாய்ந்தது. விருந்துக்கு வந்த காகங்கள் இலை எங்கே என்று கேட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போயின. தண்ணீரில் இறங்கி நின்ற கொக்கின் ஒற்றைக் காலை நாணல் தண்டு என்று நினைத்து மீன்கள் பக்கத்தில் வந்தன. கொக்கு குனிந்து லபக்கென்று கவ்வியது. குஞ்சுகளுக்கு ஊட்டப் பறந்தபோதும் காயை விடவில்லை.

காகம் ஆமையிடம் ஓடி, இது அழுகுணி ஆட்டம் என்று முறையிட்டது. ஆமை நிதானமாகத் தலையை வெளியே நீட்டியது.

"கால்தானே ஆட்டத்துல இருக்கு. அலகு சும்மாதானே இருக்கு?"

குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. மழை வந்து குளம் நிரம்பி, கட்டமெல்லாம் கரைந்தது. காகம் மட்டும் இன்றும் அந்தப் பக்கம் வந்தால், காலை வைத்தாயிற்றா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கும்.

அன்று முதல்தான் கொக்கு தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிறது; அதைப் பார்த்துப் பயந்துபோன மனிதர்கள்தான் சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் கடிகாரம் வைத்துக்கொண்டார்கள்.