மண் ஒட்டகம் வாய் மூடாத கதை

அந்தக் காலத்தில் ஒட்டகங்களுக்கு நன்றாகவே பேச வரும். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இருக்காது. சீன தேசத்தில் ஒரு பிரபு இறந்தால், மறுமையில் அவர் ஏறிச் செல்ல ஓர் ஒட்டகத்தை உயிரோடு கல்லறைக்குள் விட்டு வாசலை அடைத்துவிடுவார்கள். அதுதான் முறை என்றார்கள். யார் வகுத்த முறை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அங்கே ஓர் ஊரில் பிரபு இறந்ததும் அவர் மகன் குயவப் பெண் யூனின் சூளைக்கு வந்தான். ஆற்றங்கரையிலிருந்து அவளுக்கு மண் சுமக்கும் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தான்.

"அப்பா அங்கே நடந்தா போவார்?"

"உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது ஒட்டகத்தின்மேல் ஏறினாரா, தம்பி? பல்லக்கை விட்டு இறங்கியதே இல்லையே!" என்றது ஒட்டகம்.

யூனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கயிற்றின் மறுமுனையை இறுகப் பற்றினாள். "இது வராது. மண்ணில் ஒன்று செய்து தருகிறேன். பட்டுப்போல மின்னும். தீனி கேட்காது."

"அடக்கத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் பிடித்த மாதிரி வராவிட்டால் இதுதான் உள்ளே போகும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யூன் மண்ணைப் பிசைந்து உருவம் பிடித்தாள். எதிரே நின்ற ஒட்டகம் பேசிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் வாயை மூடேன். உன் உதட்டை எப்படிச் செய்வது?"

"மூடினால் சம்மதம் என்று சொல்லிவிடுவார்கள். மாட்டேன். பார்த்தபடியே செய்."

யூன் யோசித்தாள். மூடிய வாய் செய்வது சுலபம். பிரபு வீட்டாருக்கும் அதுதான் பிடிக்கும். கட்டைவிரலை ஈர மண்ணில் அழுத்தி வாயை அகலத் திறந்தாள். பல்லும் நாக்கும் வைத்தாள். பச்சை, தேன் நிறம், வெள்ளை என்று பூச்சை ஊற்றினாள். சூளைச் சூட்டில் அது உருகி விலாவில் வழிந்து, கண்ணாடிபோல் உறைந்தது.

அடக்க நாளில் இரண்டு ஒட்டகங்களும் கல்லறை வாசலில் நின்றன. மண் ஒட்டகத்தைப் பார்த்து மகன் முகம் சுளித்தான். "கத்துகிற ஒட்டகமா? அப்பா நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? வாய் மூடியது ஒன்று கொடு. இல்லையென்றால் உயிருள்ளதை உள்ளே ஓட்டு."

"இன்னொன்று செய்தாலும் வாய் திறந்துதான் இருக்கும்" என்றாள் யூன். மகன் உயிருள்ள ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தான்.

ஒட்டகம் கழுத்தை நிமிர்த்தியது. "தம்பி, நீயே சொல். இதுவும் கத்தும், நானும் கத்துவேன். இது சத்தமில்லாமல் கத்தும். அப்பாவுக்குப் பக்கத்தில் எது இருக்கட்டும்?" என்று கேட்டு, மாதிரிக்கு ஒருமுறை கத்தியும் காட்டியது. பிணம் தூக்கி வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மகன் கயிற்றை விட்டான். மண் ஒட்டகம் உள்ளே போனது.

அன்று முதல்தான் அந்த நாட்டுக் கல்லறைகளில் உயிருள்ள ஒட்டகத்துக்குப் பதில் மண் ஒட்டகம் நிற்கிறது, தலை நிமிர்த்தி, வாய் பிளந்து. தோண்டியெடுத்து எந்த அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் சரி, அது இன்னும் சம்மதிக்கவில்லை.