தூக்கிப் பூட்டும் கதவு

அந்தக் கதவை மாட்டியவன் நீ. அது தொங்கியதும் பழியைப் பூட்டின் மேல் போட்டவனும் நீ. முன்பே ஒரு தடவை பூட்டை மாற்றியும் கதவு மக்கர் பண்ணியபோது, உன்னிடம் வீடு வாங்கிய பொற்கொடியின் மேல் போட்டாய். "அந்தப் பொம்பளைக்குப் பூட்டத் தெரியல" என்று போனில் சொன்னாயே, சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பக்கத்தில் ஆள் இருந்தது.

பக்கத்தில் இருந்தவள் சபுரா. ஓசூரில் பூட்டு வேலை செய்கிறவள். கூட நின்றவர் ஏழுமலை. லாரி ஓட்டி ஓட்டி முதுகு போனபின் அவளிடம் தொழில் பழக வந்தவர். வயதில் அவளுக்கு மூத்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை குரு என்பார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பூட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லித்தானே வீட்டை விற்றாய்? சாவியைத் திருப்பினால் மூன்று நாக்குகள் ஒரே நேரத்தில் வெளியே வரும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் நிலையில் உள்ள குழிகளில் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே இருக்கிறவன் வெளியேதான்.

பொற்கொடியின் கதவில் நடு நாக்கு மட்டும் நுனியை நீட்டிக்கொண்டு நின்றது. போன வாரம் தனசேகர் தோளால் ஒரு தள்ளு தள்ளினான். திறந்துகொண்டது. தனசேகர் அவளுடைய கணவனாக இருந்தவன். கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. அவன் காதுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இன்று சாயங்காலம் மறுபடி வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தான்.

"போலீஸ்ல சொன்னியாம்மா?" என்றார் ஏழுமலை.

"சொன்னேன். கதவ நல்லாப் பூட்டிக்கோன்னாங்க."

ஏழுமலை பழைய பூட்டைக் கழற்றினார். உள்ளே பல்சக்கரம் மொழுக்கென்று தேய்ந்திருந்தது. அதன் மேல் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

"என்னம்மா ஊத்தின இதுல?"

"தேங்காயெண்ணெய். அவர்தான் ஊத்தச் சொன்னார்." உன்னைத்தான் சொன்னாள்.

புதுப் பூட்டைப் பொருத்தினார் ஏழுமலை. கதவைத் திறந்தபடி வைத்துச் சாவியைத் திருப்பினார். மூன்று நாக்குகளும் வழுக்கிக்கொண்டு வந்தன. பொற்கொடி சிரித்தாள். கதவைச் சாத்தித் திருப்பினார். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"விடுங்கண்ணே. புதுப் பல்லையும் ஒடிச்சிராதீங்க" என்றாள் சபுரா.

பொற்கொடி சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

ஏழுமலை குனிந்து பார்த்தார். நாக்கு குழிக்கு நேராக வரவில்லை. கீழ் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்து அரத்தை எடுத்தார்.

"நாக்க ஒரு பக்கமா ராவிட்டா உள்ள போயிரும் குரு."

"வேணாம்."

"அப்ப குழியப் பெருசாக்கிருவோம்."

"வேணாம்."

"அவன் வர்ற நேரம் ஆச்சு. ரெண்டுல ஒண்ணு செஞ்சாத்தானே பூட்டும்? ஏன் ராவ விட மாட்டேங்கறீங்க?"

சபுரா அரத்தைக் கையால் மறித்தாள். பொற்கொடி பக்கம் திரும்பினாள்.

"இத்தன நாள் எப்படிப் பூட்டினே? செஞ்சு காட்டு."

பொற்கொடி சேலையைத் தூக்கிச் செருகினாள். வலது முட்டியைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்தாள். உதட்டைக் கடித்துக் கதவை மேலே தூக்கினாள். தூக்கியபடியே இரண்டு கையாலும் சாவியை முறுக்கினாள். கொஞ்சம் போயிற்று. முட்டியில் கன்னிப்போன தழும்பு இருந்தது.

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"எதிர்வீட்டு அக்கா."

எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் வாசலில்தான் நின்றிருந்தாள். பேர் அடிபட்டதும் உள்ளே வந்தாள்.

"முட்டி மட்டும் பத்தாதுடி. இடுப்பால ஒரு இடி இடிக்கணும். எங்க வீட்ல நான் இடிச்சாத்தான் பூட்டும். அவரு இடிச்சா பூட்டாது." பெருமையாகத்தான் சொன்னாள்.

மாடியிலிருந்து லாசரஸ் இறங்கி வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"நான் ஒரு பழைய செருப்ப மடிச்சு அடியில சொருகிருவேன். அம்சமா பூட்டும். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பக்குவம் இருக்கும்மா. நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"இதையேதான் சார் தனசேகர் விஷயத்துலயும் சொன்னீங்க" என்றாள் பொற்கொடி.

லாசரஸ் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க எல்லாக் கதவும் இப்படித்தானா?" என்றாள் சபுரா.

"எல்லாக் கதவும்தான்" என்றாள் ஆறுமுகத்தாய். "புதுசா யாராச்சும் குடி வந்தா மொதல்ல கதவு பூட்டத்தான் சொல்லிக் கொடுப்போம்."

சபுரா கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து அதை நிமிர்த்தினாள். பூட்டின் பக்கம் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் போய் மேல் கீலின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, இந்த ஸ்க்ரூவக் கழட்டுங்க."

ஏழுமலை திருப்புளியைத் தேடினார்.

"கையாலயே கழட்டுங்க."

விரலால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. நிலையின் மரத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

"இது பாத்ரூம் கதவுக்குப் போடறதாச்சே."

"ஆமா."

"இரும்புத் தகடு போர்த்தின கதவு குரு இது! ரெண்டு ஆள் சேர்ந்தாத்தான் தூக்க முடியும்."

"ஆமாண்ணே. இந்தப் பக்கம் கீல் விட்டுத்தான் கதவு தொங்குது. நீங்க அந்தப் பக்கம் நாக்க ராவப் பாத்தீங்க."

ஏழுமலை அரத்தைப் பையில் போட்டார்.

நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும் நீள ஸ்க்ரூக்களை எடுத்துக் கொடுத்தாள் சபுரா. மேல் கீலில் தொடங்கினார்கள். ஏழுமலைக்கு வியர்த்துக் கொட்டியது. லாசரஸ்கூட ஒரு கை பிடித்தார். ஆப்பை உருவியபோது கதவு இறங்கவில்லை. அப்படியே நின்றது.

சபுரா சாவியைப் பொற்கொடியிடம் கொடுத்தாள்.

பொற்கொடி கதவைச் சாத்தினாள். சேலையைச் செருகி முட்டியைக் கொடுத்தாள்.

"முட்டிய எடு."

"எடுத்தா பூட்டாதே அக்கா."

"எடு சொல்றேன்."

எடுத்தாள். ஒற்றைக் கையால் சாவியைத் திருப்பினாள். மேலே ஒரு சத்தம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அவள் திறந்து மறுபடி பூட்டினாள். மறுபடி திறந்தாள். ஆறுமுகத்தாய், "எனக்குக் குடுடி" என்று சாவியைப் பிடுங்கி ஒரு தடவை பூட்டிப் பார்த்தாள். இடுப்பு தன்னாலே முன்னுக்கு வந்தது. கதவுக்கு அது தேவைப்படவில்லை.

கதவு பூட்டியிருந்தபோதே தனசேகர் வந்தான். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் தோளால் தள்ளினான். அப்புறம் உதைத்தான். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. கதவு ஆடவில்லை.

"தொறடி! யார் வீடுன்னு நெனச்சே?"

"என் வீடு" என்றாள் பொற்கொடி. கதவிலிருந்து அவள் விலகி நிற்கவில்லை. உதை விழுந்த இடத்திற்கு நேராக நின்றுதான் சொன்னாள். "உதை. உன் கால்தான் நோகும்."

உதைத்தான். நொந்திருக்க வேண்டும். படியில் நொண்டி இறங்கும் சத்தம் கேட்டது. ஆறுமுகத்தாய் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "பாத்துப் போடா, கைப்பிடிச் சுவரும் இந்தக் கதவ மாட்டின அதே ஆள் கட்டினதுதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். பொற்கொடி சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.

சபுரா சாமான்களை எடுத்து வைத்தாள். ஏழுமலை கிளம்பவில்லை. கையிலிருந்த குட்டை ஸ்க்ரூக்களைக் குலுக்கிக்கொண்டே யோசித்தார்.

"குரு, இந்தக் கதவு நின்னுருச்சு. மத்த வீட்டுக் கதவையும் நாமளே செஞ்சு குடுத்துட்டாத்தான் என்ன? வேலைக்கு வேலையும் ஆச்சு. அந்த ஆள்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டணும்?"

லாசரஸ் அவசரமாகத் தலையாட்டினார். "அதான் சரி. எதுக்கு வீண் வம்பு?"

சபுரா பொற்கொடியின் போனை வாங்கி உன் எண்ணைப் போட்டாள். நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அதற்கடுத்த தடவை எடுத்தாய். எடுத்ததும் கத்தினாய். "அந்தம்மாவுக்குத்தான் பூட்டத் தெரியலன்னு சொல்லிட்டேன்ல?"

"தெரியலதான் சார்" என்றாள் சபுரா. அவள் குரல் ஏறவே இல்லை. "இங்க ஒருத்தருக்கும் தெரியல. நீங்க வந்து சொல்லிக் குடுங்க. முட்டி குடுக்காம, இடுப்பால இடிக்காம, செருப்புச் சொருகாம, ஏதாவது ஒரு கதவ ஒத்தக் கையால பூட்டிக் காட்டுங்க. முடியலேன்னா ஒரு கதவு விடாம கழட்டி, ஒழுங்கா மாட்டிக் குடுங்க. நாளைக்குக் காலையில வாங்க. எல்லாரும் கதவத் தூக்காம நிக்கறோம்."