லண்டன் டீச்சர்

தூத்துக்குடி ஜெசிந்தா போலந்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பெற்றோர் கூட்டத்தன்று முதலாளி மாரெக் அவளைக் கூப்பிட்டார்.

"எங்கள் டீச்சர் லண்டனில் பிறந்தவர் என்று விளம்பரம் கொடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் லண்டன் என்று சொல். இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்பு."

வேலை போனால் விசாவும் போய்விடும். ஜெசிந்தா தலையாட்டினாள்.

கூட்டத்தில் ஒரு மாணவியின் அம்மா கேட்டாள்: "எங்கே பிறந்தீர்கள், டீச்சர்?"

"லண்டன் என்று சொல்லச் சொல்லி முதலாளியின் உத்தரவு. சொல்லிவிட்டேன்."

மாரெக்கின் முகம் வெளுத்தது.

"என் மகளுக்கு இந்த டீச்சரே இருக்கட்டும். பொய் விளம்பரத்தை முதலில் எடுங்கள்" என்றாள் அந்த அம்மா.

வேலை தப்பியது. ஆனால் முதலாளிக்குப் பயந்து மற்ற டீச்சர்கள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜெசிந்தா தனியாகத்தான் சாப்பிட்டாள்.