கூழாங்கல் காவல்

கொல்லிமலையில் ஒரு வகுப்பறை இருந்தது. கதவு வழியாக மாணவர்கள் வருவார்கள், ஜன்னல் வழியாக மேகம் வரும். மேகத்துக்கு மட்டும் வருகைப் பதிவு கிடையாது.

அங்கே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பவள் செவ்வந்தி. வயது முப்பத்தொன்று. அவளிடம் கற்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. நாமக்கல்லில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவர். ஒரு புள்ளி விட்டுப்போன தாளைக்கூட அவர் தன் மேசையைத் தாண்ட விட்டதில்லை.

அவருடைய தம்பி தாமோதரனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. சேந்தமங்கலத்தில் கட்டிலில் கிடந்தபடி, வேண்டியதைக் கண்ணால் கேட்டு, வீட்டாருக்குப் புரியாதபோது அழுதார். போனில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவருக்குப் பதிலாகப் பேச வேண்டும். அப்படி ஒன்றைத் தன் கையால் செய்துவிடத்தான் மாசிலாமணி மலை ஏறியிருந்தார்.

அந்த வகுப்பறைக் கணினிகளுக்குள் ஒரு ப்ரௌசரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத் திறந்து அறை கேட்டால், எங்கோ இருக்கும் ஏதோ ஒரு கணினியில் ஓர் அறை திறக்கும். 'அறை' என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். நிரல் எழுதுவதும் அதை ஓட்டிப் பார்ப்பதும் அதற்குள்தான். அரை மணி நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் அறை தூங்கிவிடும். நாள்கணக்கில் தூங்கினால் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

அதனால் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் புது அறை. மாலையில், எழுதியது அரைகுறையோ முழுசோ, 'ஒப்படை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்படைத்தது பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விடும்; யாருக்கு வேண்டுமோ அவர் போனிலும் திறக்கும். அதன் பிறகு அறையைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

மாசிலாமணி பத்தொன்பது நாளாக ஒப்படைக்கவில்லை, முதல் நாள் திறந்த அறையை மூடவும் இல்லை. எழுந்து போகும்போதெல்லாம் அம்புக்குறி விசையின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவார். விசை அழுந்தியே இருப்பதால் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று அறையும் நம்பி விழித்திருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இன்னிக்காவது ஒப்படைக்கிறீங்களா, ஐயா?" என்று செவ்வந்தி தினமும் கேட்பாள்.

"இன்னும் முடியலைங்க டீச்சர். மொத்தம் நானூறு வார்த்தை. முந்நூத்தி எண்பது ஆச்சு. பிழையோட வெளிய விட மனசு வரலை."

அவள் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டாள்.

இருபதாம் நாள் மத்தியானம் மேகம் உள்ளே வந்து வெகுநேரம் போகாமல் தங்கிவிட்டது. மேசையும் நாற்காலியும் மறைந்து, திரைகள் மட்டும் மங்கலாக மிதந்துகொண்டிருந்தன. தான் உட்கார்ந்திருப்பது மலை மேலா, எங்கோ இருக்கும் அந்த அறைக்குள்ளா என்று மாசிலாமணிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இதை மூடினா என் வேலை எங்க போகும்?"

செவ்வந்தி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது.

"சாப்பிட்டு வாங்க, ஐயா."

இதெல்லாம் ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டே அவர் கல்லை எடுத்து விசையின் மேல் வைத்தார். நினைப்பெல்லாம் கேள்வியில் இருந்தது. வைத்த கையோ கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கல் அம்புக்குறியின் மேல் உட்காராமல், அழிக்கும் விசையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்தபோது மேகம் விலகியிருந்தது. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. திரையில் மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை. கல் கீழிருந்து மேலாக, பொறுமையாக, பத்தொன்பது நாளையும் தின்று முடித்திருந்தது.

மாசிலாமணி பதறிப்போய் ப்ரௌசரில் அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றினார். பதறாமல் இருந்திருந்தால் அழித்ததையெல்லாம் ஒரு நொடியில் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். மறுபடி ஏற்றியதும் அந்த வழியும் அடைபட்டது.

"எல்லாம் போச்சுங்க டீச்சர்."

அவர் அழுதார். வகுப்பில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தம்பியை இரண்டாம் தடவை ஊமையாக்கிவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

செவ்வந்தி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கல்லை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். வெறும் அறையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தாள்.

"தம்பி முதல்ல என்ன சொல்லணும்?"

"தண்ணி. பட்டியல்ல அதுதான் முதல் வார்த்தை."

"நான் பட்டியலைக் கேக்கலை, ஐயா."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாகப் போயிருந்தபோது தாமோதரன் கோணிய உதட்டால் எதையோ உருட்டி உருட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான். அவர் உள்ளே நுழைந்தபோதும் அதே வார்த்தை, விடைபெற்றபோதும் அதே வார்த்தை.

"'அண்ணா'ன்னு கூப்பிடப் பாக்கறான். வரமாட்டேங்குது."

"அதை எழுதுங்க."

ஒரு படம், ஒரு பொத்தான், ஒரு குரல். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குரலை அவரே பதிய வேண்டியிருந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளை; கூடப் பிறந்த யாரையும் அப்படிக் கூப்பிட அவருக்கு வாய்த்ததில்லை. மைக்குக்கு முன்னால் குனிந்து, கூச்சத்தோடு, "அண்ணா" என்றார். பாதியில் குரல் உடைந்தது.

"இன்னொரு தடவை நல்லாப் பதிஞ்சுக்கறேன்."

"ஒப்படைங்க."

"ஒரு வார்த்தைதானுங்களே ஆச்சு. பொத்தான்கூட நேரா நிக்கலை."

செவ்வந்தி கூழாங்கல்லை விரலால் இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் அழுத்தினார். பிழையோடு அவருடைய மேசையைத் தாண்டிப் போன முதல் தாள் அது. களஞ்சியத்தில் அது இருக்கும் முகவரியைத் தம்பி மனைவியின் போனுக்கு அனுப்பினார். பிறகு வகுப்பின் வழக்கப்படி அறையைத் தன் கையாலேயே அழித்தார். காவலுக்கு இனி எதுவும் இல்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

ஜன்னலில் மேகம் மறுபடி ஏறத் தொடங்கியது. அது பாதி அறையை நிறைத்தபோது போன் அடித்தது. தம்பி மனைவியின் எண். எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணா."

அவருடைய குரலேதான், உடைந்த இடத்தோடு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி, "அண்ணா." அதற்குப் பின்னால் தாமோதரன் குழறிக் குழறிச் சிரிப்பது கேட்டது. பிறகு விடாமல், "அண்ணா. அண்ணா. அண்ணா."

மாசிலாமணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானம் கேட்டீங்களே ஐயா, மூடினா எங்க போகும்னு," என்றாள் அவள். "அங்கிருந்துதான் கூப்பிடறாங்க. பேசுங்க."

மாசிலாமணிக்குப் பேச்சு வரவில்லை.